அறுபத்தேழு அம்புகள்

நீங்கள் ஜன்னல் ஓரம் போய்விடுங்கள். பாப்பா நடுவில் உட்காரட்டும். வளைவில் பஸ் சாயும்போது ஓரத்தில் இருக்கிற குழந்தைகளுக்குத்தான் முதலில் வயிற்றைப் புரட்டும். நான் இந்தப் பக்கம். இப்போது பாருங்கள், மூன்று பேரும் வசதியாக இருக்கிறோம். உட்காருவதற்கும் ஒரு முறை இருக்கிறது. யாரும் சொல்லித் தருவதில்லை.

முன் சீட்டில் தூங்குகிறவர் உங்கள் வீட்டம்மாவா? தூங்கட்டும், தூங்கட்டும். தும்பியாறு செக்போஸ்ட் போக இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். நானும் அங்கேதான் இறங்குகிறேன்.

நாளைக் காலை குடும்ப நடைக்கா வந்திருக்கிறீர்கள்? மருதி கூட்டிப் போகிற நடை. ஆமாம், இப்போது எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், மருதி நடை என்று. சொல்லட்டும். நான் ஒன்றும் சொல்வதில்லை. அந்தப் பாதையை முதலில் உருவாக்கியது யார் என்று யாராவது கேட்டால் மட்டும் சொல்வேன்.

கேட்கவில்லையா? பரவாயில்லை. நான்தான்.

பெயர் அருணகிரி. நெடுஞ்சாலையில் முப்பத்தொரு வருஷம் ஓவர்சியர். ரோடு போடுகிறவன் இல்லை. ரோடு போட்டு முடித்த பிறகு வருகிறவன். நடுக்கோடு, ஓரக்கோடு, ஜீப்ரா கிராசிங், அம்புக்குறி, எல்லாம் என் வேலை. கோடு அருணகிரி என்றால் நாலு ஜில்லாவில் தெரியும். நீங்கள் இன்று காலை வலது பக்கம் திரும்பி பஸ் ஸ்டாண்டுக்குள் வந்தீர்களே, ஏன் வலது பக்கம் திரும்பினீர்கள்? பஸ் ஸ்டாண்டு அங்கே இருக்கிறது என்பதாலா? இல்லை. அங்கே என் அம்பு இருக்கிறது.

பாப்பா சிரிக்கிறாள். பெயர் என்ன? ஆதிரையா? எந்த வகுப்பு? மூன்றாவது. எனக்கு ஒரு பேத்தி இருக்கிறாள், நறுமுகை என்று பெயர். நாலாவது படிக்கிறாள், திருப்பூரில். பரீட்சை முடிந்த மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். என் மகள் வசுமதி, பஸ் ஏற்றிவிட்டுப் போன் செய்வாள், அவ்வளவுதான். இந்த அக்டோபருக்குப் பிறகு அவள் வரவில்லை. போனில் கூப்பிட்டால் வசுமதிதான் பேசுகிறாள். பக்கத்தில் குழந்தை மூச்சு விடுவது கேட்கும். பேச மாட்டாள்.

இப்போது அரையாண்டு லீவு. அவளும் வசுமதியும் வெள்ளிக்கிழமையே தும்பியாற்றுக்கு வந்துவிட்டார்கள், என்னிடம் சொல்லாமல். செக்போஸ்ட்டில் இருக்கிறார்கள். அவள் என்னோடு பேசுவாளா மாட்டாளா என்பது இன்னும் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதனால்தான் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறேன். சாதாரணமாக நான் வாய் திறக்கிற ஆள் இல்லை.

நடந்தது இதுதான். நீங்களே கேட்டுவிட்டு, தப்பு எங்கே என்று சொல்லுங்கள்.

போன சித்திரையில் தும்பியாறு வனத்துறை ரேஞ்சர் கூப்பிட்டு அனுப்பினார். "சார், ஜனங்க குழந்தைங்களோட வர்றாங்க. செக்போஸ்ட்ல டீ குடிச்சிட்டு, ஆத்தைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிடறாங்க. ஒரு மூணு கிலோமீட்டர், சின்னப் பிள்ளைங்க பயமில்லாம நடக்கற மாதிரி ஒரு பாதை வேணும்" என்றார். நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன். அம்பு.

அவருக்குச் சில நிபந்தனைகள் இருந்தன. மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. பலகை நட்டால் யானை பிடுங்கிப் போட்டுவிடும். சரி என்றேன். கல் இருக்கிறதல்லவா? சித்திரையில் தும்பியாறு ஒரு ஓரமாக ஒடுங்கி ஓடும். மீதி இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உருண்டைக் கற்கள், ஒவ்வொன்றும் ஒரு ஆடு படுத்திருக்கிற அளவுக்கு. மேலே தட்டையாக, வழவழப்பாக இருக்கும். பெயிண்ட் அடிப்பதற்கென்றே யாரோ செய்து வைத்த மாதிரி. ஆற்றை ஒட்டியே பாதை, கல்லுக்குக் கல் மஞ்சள் அம்பு. எவ்வளவு அழகு.

வழி காட்ட மருதியை அனுப்பினார்கள். ஆற்றங்கரைப் பதியில், அதாவது மலைமக்கள் குடியிருப்பில் இருக்கிறவள், காவல் வேலை பார்க்கிறாள், நாற்பது வயதிருக்கும். நல்ல பெண். ஆனால் நான் முதல் கல்லில் சுண்ணாம்பால் அளவு குறித்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"இந்தக் கல்லுல போடாதீங்க சார். ஆனி, ஆடி கழிஞ்சா இது இங்க இருக்காதுங்க."

"எங்கே போகும்?"

"கொஞ்சம் கீழ போகும். சிலது அங்கயே திரும்பிப் படுத்துக்கும். மேட்டுல கரும்பாறை இருக்குது பாருங்க, அதுல போடுங்க. அது எங்கயும் போகாது."

கரும்பாறையில் பாசி. பெயிண்ட் பிடிக்காது. இது தொழில் தெரிந்தவனுக்குத்தான் தெரியும். ஆனால் அவள் சொன்னதை நான் அலட்சியம் செய்தேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். உடனே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். 'மலை மக்கள் நம்பிக்கைகள், எண் நான்கு: மழைக்காலத்தில் கற்கள் புரண்டு படுக்கும்.' எண் ஒன்று, சாணத்தில் ஆவி பறந்தால் யானை பக்கத்தில் இருக்கும். எண் இரண்டு, தண்ணீர் கறுத்து அசையாமல் நின்றால் ஆழம் அதிகம். எண் மூன்று இப்போது நினைவில்லை. எவ்வளவு கற்பனை பாருங்கள் அந்த ஜனங்களுக்கு. நடக்க வருகிறவர்களுக்காக நான் தயாரித்த கையேட்டில் இதற்கென்றே ஒரு பக்கம் ஒதுக்கினேன், பூ ஓரம் போட்டு.

சோதித்தும் பார்த்தேன். பெரிய கல் ஒன்றைக் காலால் பலமாகத் தள்ளினேன். அசையவில்லை. மருதியைப் பார்த்தேன். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது நாளில் அறுபத்தேழு அம்புகள். ஒவ்வொன்றும் இரண்டு கோட் மஞ்சள் எனாமல். நறுமுகை அந்த லீவில் என்னோடு இருந்தாள். கடைசி நாலு அம்புக்கு அவள்தான் அளவு நாடா பிடித்தாள். "தாத்தா, இதைப் பார்த்துட்டு நடந்தா யாருமே தொலைஞ்சு போக மாட்டாங்கல்ல?" என்று கேட்டாள். "தொலைய நினைத்தாலும் முடியாது" என்றேன்.

பிறகு மழை. இந்தத் தடவை நல்ல மழை. ஆவணியில் பாலத்தின் கைப்பிடிச் சுவர் வரை தண்ணீர் வந்ததாகச் சொன்னார்கள். புரட்டாசியில் வடிந்ததும் நான் என்ன செய்தேன்? சும்மா இருந்தேனா? இருக்கவில்லை. மறு ஆய்வுக்குப் போனேன். இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அருணகிரி மறு ஆய்வு செய்யாமல் பாதையைத் திறந்தான் என்று ஒருவரும் சொல்ல முடியாது. படிவம் என்னிடம் இருக்கிறது.

அந்தப் படிவம் நானே தயாரித்தது. இருபது வருஷமாக என் ஆட்கள் அதைத்தான் நிரப்பினார்கள். கல் எண், பெயிண்ட் பிடிப்பு, தடிமன், பளபளப்பு, விளிம்பு. ஐந்து கட்டம். ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்தேன். எல்லாம் நேர்த்தி. அவ்வளவு வெள்ளத்துக்கும் ஒரு கீறல் இல்லை.

மருதி பின்னாலேயே வந்தாள். பத்தாவது கல்லில் கேட்டாள். "சார், ஒவ்வொரு கல்லுக்கும் நீங்க ஏன் ஒவ்வொரு பக்கமாப் போய் நிக்கறீங்க?"

நான் பொறுமையாக விளக்கினேன். அம்பை எப்போதும் வாலிலிருந்துதான் ஆய்வு செய்ய வேண்டும். அதுதான் முறை. ஆய்வாளர் வால் பக்கம் நின்றால் அம்பு நேர் எதிரே பார்க்கும். அப்போதுதான் விளிம்பு கோணல் இல்லாமல் இருக்கிறதா என்று தெரியும். ஆகவே, நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு அம்பும் நேராகத்தான் இருந்தது.

"அதில்லைங்க சார், அம்பு பார்க்கற திசை..."

படிவத்தில் திசைக்குக் கட்டம் கிடையாது. ஏன் இருக்க வேண்டும்? முப்பத்தொரு வருஷத்தில் எந்த ரோடும் என்னைக் கேட்காமல் திரும்பிக்கொண்டதில்லை.

ஒரே ஒரு குறை. அறுபத்தேழில் நாற்பத்தொன்பது கற்கள்தான் இருந்தன. பதினெட்டைக் காணோம். திருட்டு என்று ரேஞ்சரிடம் புகார் எழுதிக் கொடுத்தேன்.

"கல்லா? ஆத்துக் கல்லா?" என்றார் அவர். "யாரு சார் தூக்கிட்டுப் போவாங்க?"

"நான் யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் இருப்பது பதி ஒன்றுதான்" என்றேன்.

மருதி அங்கேதான் நின்றாள். கையிலிருந்த கம்பால் தரையைக் குத்திக்கொண்டிருந்தாள். அதையும் நான் கவனித்தேன்.

என்ன பாப்பா? கல்லை யாராவது திருடுவார்களா என்று கேட்கிறாள். நல்ல கேள்வி. அதற்கு வருகிறேன். முறுக்கைச் சாப்பிடு.

திறப்பு நாள் காலாண்டு லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது குடும்பங்கள், முப்பத்து நாலு பேர். என் மகள், மாப்பிள்ளை, நறுமுகை எல்லாம் அதில் அடக்கம். துணைக்கு ஆள் வேண்டாம், மக்கள் தாங்களாகவே நடப்பார்கள், அதுதான் இந்தப் பாதையின் பெருமை என்று நான் பேசினேன். மருதிக்கும் நான் ஒரு பொறுப்பு கொடுக்காமல் இல்லை. பாதை முடிகிற பாறையில் என்னோடு நின்று மோர் ஊற்றிக் கொடுக்க வேண்டியது. காலை ஏழரைக்கு நடை தொடங்கும், ஒன்பதேகாலுக்கு முதல் குடும்பம் வந்து சேரும். முப்பத்து நாலு டம்ளரை ஒரே கோட்டில் அடுக்கி வைத்தேன்.

ஒன்பதேகால் ஆயிற்று. யாரும் வரவில்லை. ஒன்பதே முக்கால். யாரும் வரவில்லை.

"நான் போய்ப் பார்த்துட்டு வரட்டுங்களா?" என்றாள் மருதி.

"அம்பு தப்பாது. குழந்தைகள் இருக்கிறார்கள், மெதுவாகத்தான் வருவார்கள்."

பத்து மணிக்கு அவள் மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "நீங்க இருங்க சார்" என்றாள். என் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. கரையோடு கீழே இறங்கிப் போய்விட்டாள். நான் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. பொறுப்பை விட்டுப் போவது என்றால் இதுதான். அதையும் நான் யாரிடமும் புகாராகச் சொல்லவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு முதல் குடும்பம் வந்தது. ஜவுளிக்கடைக்காரர், மனைவி, இரட்டைப் பிள்ளைகள். ஆற்றுக்கு நடுவில் ஒரு திட்டு இருக்கிறது, நாணல் வளர்ந்த திட்டு. அதைச் சுற்றி ஆறு அம்புகள் வட்டமாகத் திரும்பிக் கிடந்திருக்கின்றன. இவர்கள் நாலு சுற்றுச் சுற்றியிருக்கிறார்கள். "பாதை ரொம்ப நல்லா இருக்குங்க சார்" என்றார் அவர், முழங்கால் வரை ஈரத்தோடு. "ஆனா காட்சி எல்லாம் ஒரே மாதிரி இருக்குது. கொஞ்சம் மாத்தி அமைக்கலாம்." நான் குறித்துக்கொண்டேன்.

பாங்க் மேனேஜர் குடும்பம் ஆறு பேர். அவர்கள் எட்டாவது கல்லில் திரும்பி, பதினைந்து நிமிஷத்தில் செக்போஸ்ட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூன்று கிலோமீட்டர் இவ்வளவு சுலபமா என்று சந்தோஷப்பட்டுப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்: 'வயதானவர்களும் கைக்குழந்தைகளும்கூடக் களைப்பின்றி நடக்கக்கூடிய பாதை.' அந்தப் பக்கத்தை நான் படம் பிடித்து வைத்திருக்கிறேன். பிறகு காட்டுகிறேன்.

மற்றவர்களையெல்லாம் மருதி ஒவ்வொரு குடும்பமாகக் கொண்டு வந்து சேர்த்தாள். எப்படிக் கண்டுபிடித்தாள் தெரியுமா? இதுதான் முக்கியம். அவள் காட்டுக்குள் சும்மா அலையவில்லை. ஒவ்வொரு அம்பாகப் போய் நின்றிருக்கிறாள். அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ, அந்தப் பக்கம் போயிருக்கிறாள். அங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். ரேஞ்சரிடம் நான் இதைத்தான் சொன்னேன். அம்பு இல்லாமல் இருந்தால் அத்தனை பேரையும் எங்கே போய்த் தேடியிருப்பாள்? என் அம்புகள்தான் எல்லோரையும் கண்டுபிடித்துக் கொடுத்தன.

செக்போஸ்ட்டுக்குப் போனவர்களையும் சேர்த்து, பன்னிரண்டரைக்கு முப்பத்தொரு பேர் கணக்குக்கு வந்துவிட்டார்கள். மூன்று பேர் வரவில்லை.

ஆமாம். அந்த மூன்று பேர்தான்.

வசுமதி பிறகு சொன்னாள். இருபத்து மூன்றாவது கல்லில் அம்பு கரையை விட்டு மேலே, மூங்கில் பக்கம் பார்த்திருக்கிறது. மாப்பிள்ளை நின்றுவிட்டார். அவர் கம்ப்யூட்டர் வேலை, எதையும் சந்தேகப்படுகிறவர். "இது சரியாப் படலை. ஆத்தை விட்டு எதுக்கு மேல ஏறணும்? திரும்பிடலாம்" என்றாராம். வசுமதியும் திரும்பலாம் என்றாளாம். நறுமுகைதான் ஒத்துக்கொள்ளவில்லை. "தாத்தா அம்பு போட்டா அது தப்பாகாது. நான் கூட நாடா பிடிச்சேன்" என்று முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டாளாம். அவளுக்குப் பின்னால் இவர்கள்.

முப்பத்து நாலு பேரில் பாதையை முறையாகப் பின்பற்றியது அவள் ஒருத்திதான். இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் பெருமையாக இருக்கும். இருக்க வேண்டும். இல்லையா?

மூங்கிலுக்குள் போனது யானை நடக்கிற தடம். ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டார்கள். மேலே அம்பு எதுவும் இல்லை. இல்லாவிட்டால் என்ன, அடுத்த அம்பு வரும், தாத்தா விட்டுவிட மாட்டார் என்று அவள் சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள். நடுத்தடத்தில் சாணம் கிடந்திருக்கிறது. ஆவி பறந்ததாம். கையேட்டில் படித்திருந்ததால் அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. "அப்பா, இது எண் ஒன்று" என்றாளாம்.

மருதி அவர்களை அங்கேதான் பிடித்தாள். ஒரு வார்த்தை பேசாமல் மூன்று பேரையும் பக்கத்துப் பாறை இடுக்குக்குள் தள்ளி, வாயில் விரல் வைத்து உட்கார வைத்துவிட்டாள். ஏழு யானை, ஒரு குட்டி. எதிரே, வீட்டுக்கு வீடு இருக்கிற தூரத்தில் கடந்து போயிருக்கின்றன. முக்கால் மணி நேரம். நறுமுகை அழவில்லையாம். மருதியின் முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். பாறைக்கு வந்து சேர்ந்தபோது துணியில் பல் பதிந்த ஓட்டை இருந்தது. நான் பார்த்தேன்.

அவர்கள் வந்து சேரும்போது மணி இரண்டு. நான் பாறையிலேயே இருந்தேன். மோரெல்லாம் பிரிந்து, தண்ணீர் தனி, தயிர் தனியாக நின்றது. மூன்று டம்ளரை யாரும் எடுத்துவிடாமல் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனாம். அதற்குள் அங்கே வந்துவிட்ட ரேஞ்சர் சொல்கிறார். எனக்கு நினைவில்லை.

திரும்பும்போது மருதி பாதையோரத்தில் ஒரு கல்லைக் கம்பால் நெம்பிப் புரட்டினாள். அடியில் என் அம்பு. இன்னொன்றைப் புரட்டினாள். அதிலும். திருட்டுப் போனவை எல்லாம் குப்புறப் படுத்திருந்தன. மண்ணுக்கடியில் நாலு மாதம் கிடந்தும் நிறம் மங்கவில்லை. ரேஞ்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன், பெயிண்டின் தரத்தைப் பாருங்கள் என்று. புகாரை அன்றே வாபஸ் வாங்கிவிட்டேன். வாபஸ் வாங்குவதற்குக் காரணம் எழுத இடம் இல்லை, எழுதவில்லை. மருதியிடமா? அவளிடம் என்ன சொல்வது? அவள் பெயரை நான் எழுதவே இல்லையே.

அதற்கப்புறம்தான் அது நடந்தது. ஜீப்பில் எல்லோரும் ஏறிவிட்டோம். நறுமுகை எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். முழங்காலெல்லாம் முள் கீறல். அதில் எச்சில் தொட்டுத் தடவினாள். பிறகு கேட்டாள்.

"தாத்தா, அம்பு தப்பா இருந்துச்சா, இல்ல நான் தப்பாப் பார்த்தேனா?"

சின்னக் கேள்வி. ஜீப்பில் ஏழு பேர் இருந்தோம். ரேஞ்சர் வேறு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அம்பு சரிதான் கண்ணு. கல்தான் திரும்பிடுச்சு" என்றேன். இதில் பொய் ஏதாவது இருக்கிறதா? கல் திரும்பியது உண்மை. அம்பு கீறல் இல்லாமல் இருந்தது உண்மை.

அவள் தலையை ஆட்டினாள். ஜீப்புக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாள். செக்போஸ்ட் வரை திரும்பவில்லை. வீட்டுக்குப் போன பிறகு வசுமதியிடம், "அப்படின்னா நான்தான் தப்பாக் கூட்டிட்டுப் போயிட்டேன், இல்லம்மா? அப்பா திரும்பிடலாம்னு சொன்னாரு" என்று கேட்டிருக்கிறாள். ராத்திரி தூக்கத்திலும் அதையே கேட்டாளாம்.

இதை வசுமதி எனக்குப் பத்து நாள் கழித்துப் போனில் சொன்னாள். "அப்பா, அவ உங்ககிட்ட கேட்டதுக்கு ஒரு பதில் சொல்லிடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

சொன்னேன். கடிதமே எழுதினேன், இரண்டு பக்கம். 'மேற்படி பாதையில் எதிர்பாராத வெள்ளப்பெருக்கின் காரணமாகக் குறியீடுகளில் திசை மாற்றம் ஏற்பட்டமை வருந்தத்தக்கது' என்று தொடங்கி, எல்லாம் விவரமாக. ஒரு வாரத்தில் அந்தக் கடிதமே திரும்பி வந்தது. அடியில் பென்சிலால் ஒரு வரி: 'தாத்தா, இது யாருக்கு எழுதினது?'

யாருக்கா? மேலேயே பெயர் போட்டிருக்கிறேன்.

அதற்கப்புறம் ரேஞ்சர் என் அம்புகளையெல்லாம் சுரண்டச் சொல்லிவிட்டார். மருதி நடை தொடங்கிவிட்டது. நாளைக்கு நீங்களே பார்ப்பீர்கள். மேட்டுப் பாதையில் கூட்டிப் போகிறாள். அம்பு இல்லை, படம் இல்லை, கையேடு இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் எல்லோரையும் நிறுத்தி, வந்த வழியைத் திரும்பிப் பார்க்கச் சொல்கிறாள். "வர்றப்ப வழி வேற மாதிரித் தெரியும், இப்பவே பார்த்து வெச்சுக்குங்க" என்கிறாளாம். அவ்வளவுதான் அவள் முறை. இதற்கு இரண்டு மாதமாக ஒரு ஞாயிறுகூட இடம் கிடைப்பதில்லை. ஜனங்கள் எதற்குத்தான் மயங்குவார்கள் என்று சொல்ல முடியாது.

நேற்று மருதிதான் எனக்குப் போன் செய்தாள். நான் எடுத்ததும் எடுக்காததுமாக, "சார், பாப்பா வந்திருக்குது. நாளைக்கு மத்தியானம் பஸ்ஸுக்கு வாங்க" என்றாள். "என்னைக் கேட்டாளா?" என்றேன். "கேக்கலைங்க. ஆனா மத்தியான பஸ் எத்தனை மணிக்கு வரும்னு ரெண்டு தடவை கேட்டுச்சு" என்றாள். அவள் சேலையில் ஓட்டை போட்டது என் பேத்தி, அவள் ஊரைத் திருட்டு ஊர் ஆக்கப் பார்த்தது நான், அவள் எனக்குப் போன் செய்கிறாள். என்ன காரணமாக இருக்கும்? யோசித்துக்கொண்டே வருகிறேன். தொழில் ரீதியாக ஏதாவது ஆலோசனை தேவைப்பட்டிருக்கலாம்.

ஆக, நீங்களே சொல்லுங்கள். மறு ஆய்வு செய்தேன். படிவம் இருக்கிறது. பெயிண்டில் குறை இல்லை. வெள்ளம் என் கையில் இல்லை. நாற்பத்தொன்பது அம்புகள் நன்றாக...

என்ன பாப்பா?

என்ன கேட்டாய்? இன்னொரு தடவை சொல்லு, பஸ் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

ஆமாம். நான்தான் தப்பான கல்லில் போட்டேன்.

பாருங்கள், வந்துவிட்டது. அவள் பாட்டுக்கு முறுக்கைத் தின்றுகொண்டே, "நீங்கதான் தப்பான கல்லுல போட்டீங்களா தாத்தா?" என்று கேட்டாள். நானும் ஆமாம் என்றுவிட்டேன். மூன்று மாதமாக வராதது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன், 'ஏற்பட்டது', 'நேர்ந்தது' என்றுதான் வந்தது. நீங்கள் அவளைத் திட்டாதீர்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அம்மாடி, இன்னொரு தடவை கேளு. நான் பழகிக்கொள்கிறேன்.

ஆமாம், நான்தான். மருதி அப்போதே சொன்னாள், நான் கேட்கவில்லை. நீ சரியாகத்தான் பார்த்தாய். ஆனால் இந்த வருஷம் மழை...

'ஆனால்' வேண்டாமா? சரி. உங்கள் பெண் ரொம்பக் கண்டிப்பு.

அந்த வளைவு தாண்டினால் செக்போஸ்ட். இன்னும் இரண்டு தடவைக்கு நேரம் இருக்கிறது. கேளு.